வெள்ளந்தி என்றொரு வசை

‘அய்யப்பனும் கோஷியும்’ படம் 2020 பிப்ரவரி 7ஆம் தேதி வெளியானது. அதற்கு முன்பே படக்குழு ஒரு சின்ன வீடியோவை வெளியிட்டிருந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு வயதான அம்மா. முகம் நிறையச் சிரிப்பு. பிருத்விராஜைத் தெரியுமா என்று கேட்கிறார்கள். தெரியாது. பிஜு மேனனைத் தெரியுமா? தெரியாது. மறுபடியும் சிரிப்பு. பிறகு பாடுகிறார்.

எங்கள் கூடலூர் பையன்களின் வாட்ஸப் குழுவில் அதை முதலில் போட்டவன் நான். கூடலூர்க்காரனுக்கு மலையாளப் படம் வெளியூர்ச் சரக்கு இல்லை. இந்தப் பக்கம் இறங்கினால் நிலம்பூர், அந்தப் பக்கம் போனால் வயநாடு. வீடியோவுக்கு மேலே ‘என்ன ஒரு வெள்ளந்தி!’ என்று எழுதி மூன்று இதயமும் போட்டேன். எல்லோரும் பதிலுக்கு இதயம் போட்டார்கள். இந்தக் கட்டுரை அந்த வார்த்தையைப் பற்றியது. நஞ்சியம்மாவைத் திட்டியவர்களைவிட அவரைக் கொண்டாடிய என்னைப் போன்றவர்களோடுதான் எனக்கு இப்போது சண்டை.

முதலில் அந்தக் கேள்வியைப் பாருங்கள். ஒரு பாடகியிடம் கேட்ட முதல் கேள்வி இரண்டு ஹீரோக்களைப் பற்றியது. யார் சொல்லிக்கொடுத்த பாட்டு, நீங்கள் கட்டியதா, இதுபோல எத்தனை வைத்திருக்கிறீர்கள், எங்கெல்லாம் பாடியிருக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பாட்டைவிட அந்தத் ‘தெரியாது’தான் வைரல் ஆனது. யேசுதாஸிடம் போய் அட்டப்பாடி நக்குப்பதி ஊரின் மூப்பனைத் தெரியுமா என்று கேட்டு, அவர் தெரியாது என்றதும் யாராவது உருகிப்போய்க் கைதட்டுவார்களா?

நஞ்சியம்மா இருளர். எங்கள் மாவட்டத்தின் தெற்கு விளிம்பில் மஞ்சூர், முள்ளி வழியாக இறங்கினால் வருகிற அட்டப்பாடியில் இருக்கிறார். ஆடு மேய்த்தவர், அது உண்மை. ஆனால் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரை சினிமா வந்து கண்டெடுத்தது என்பது பாதிப் பொய். பழனிசாமி என்ற இருளர் கலைஞர் நடத்தும் ஆசாத் கலா சங்கத்தில் அவர் ஏற்கெனவே பாடகி. மேடைகளில் பாடியிருக்கிறார். சிந்து சாஜன் இயக்கிய ‘அக்கெடு நாயக’ என்ற படத்துக்காகவும் பாடியிருக்கிறார். பழனிசாமி மூலமாகத்தான் இயக்குநர் சச்சிக்கு அவர் அறிமுகம். அதாவது குழு, மேடை, பதிவு, அறிமுகம் செய்துவைக்க ஓர் ஆள் என எல்லாமே இருந்த ஒரு கலைவாழ்க்கை. மற்ற பாடகர்களுக்கு இதை ‘கெரியர்’ என்கிறோம். இவருக்கு மட்டும் ‘அதிர்ஷ்டம்’.

இன்னொன்று. படத்தில் அவர் பாடிய பாட்டுகளுக்குப் பாடலாசிரியரும் அவர்தான். பாட்டைக் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

*

2022 ஜூலை 22. 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளை அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் நாம் ‘சூரரைப் போற்று’ கொண்டாட்டத்தில் இருந்தோம். அன்று ‘அய்யப்பனும் கோஷியும்’ நான்கு விருதுகள் வாங்கியது. 2020 ஜூனிலேயே இறந்துவிட்ட சச்சிக்குச் சிறந்த இயக்குநர் விருது. சிறந்த பின்னணிப் பாடகி நஞ்சியம்மா. அவர் அதை சச்சிக்குக் காணிக்கையாக்கினார்.

ஓரிரு நாளில் கேரளத்து இசைக்கலைஞர் ஒருவர் வீடியோ போட்டார். வாழ்நாள் முழுவதும் இசையையே தவமாகச் செய்தவர்கள் இருக்கும்போது இவருக்குக் கொடுப்பது அவர்களுக்கு அவமானம் இல்லையா, சுருதி சேர்த்து வேறொரு சாதாரணப் பாட்டை இவரால் பாட முடியுமா என்பது அதன் சாரம். அவர் பெயர் இங்கே தேவையில்லை. அவர் சொன்னதைப் பல பேர் சொல்லாமல் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சொன்னவரையாவது எதிர்த்து வாதாடலாம்.

வாதாடுவோம். முதல் விஷயம், விருது ஒரு பாட்டுக்கு. பயோடேட்டாவுக்கு அல்ல. அந்த வருஷம் திரையில் வந்த ஒரு பாட்டைப் பாடிய விதத்துக்குக் கொடுத்தது. அதே வருஷம் சிறந்த பின்னணிப் பாடகர் யார் தெரியுமா? ‘மீ வசந்த்ராவ்’ மராத்திப் படத்துக்காக ராகுல் தேஷ்பாண்டே. முறையாக இந்துஸ்தானி பயின்றவர், வசந்த்ராவ் தேஷ்பாண்டேயின் பேரன். அவரால் நஞ்சியம்மாவின் பாட்டை அவரைப் போலப் பாட முடியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்போம். எதிர்த்திசையில் கேட்டபோது மட்டும் அது நியாயமான கேள்வி ஆகிவிட்டது.

இரண்டாவது, சுருதி. கொஞ்சம் என் தொழில் பக்கம் வருகிறேன். ஆட்டோ-ட்யூன் என்ற மென்பொருளைச் செய்தவர் ஆண்டி ஹில்டபிராண்ட். இசைக்கலைஞர்களுக்கு வேலை செய்வதற்கு முன் அவர் எண்ணெய்க் கம்பெனிக்கு வேலை செய்தவர். பூமிக்குள் அதிர்வை அனுப்பி, திரும்பி வரும் அலையை வைத்து எங்கே எண்ணெய் இருக்கிறது என்று கணக்குப் போடுகிற வேலை. அங்கே கைவந்த அதே கணிதத்தைக் குரலின் மீது பிரயோகித்தார். 1997இல் மென்பொருள் வந்தது. அதற்குப் பிறகு வந்த சினிமாப் பாட்டுகளில் எது பாடகரின் சுருதி, எது மென்பொருளின் சுருதி என்று காதை மட்டும் வைத்துச் சொல்வது கஷ்டம். குரலின் சுருதியை வரைந்துகாட்டும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. பெரிய வித்வான் ஒருவரின் ஆலாபனையை அதில் போட்டுப் பாருங்கள். நேர்கோடு வராது. வளைந்து, நெளிந்து, ஸ்வரத்தைத் தொடாமலே தொட்டுவிட்டுப் போகும் கோடுதான் வரும். அதற்குக் கமகம் என்று பெயர் வைத்திருக்கிறோம். நக்குப்பதியில் கோடு வளைந்தால் அதற்கு வைக்கிற பெயர் வேறு.

இதைச் சொல்லும்போது ஆர்மோனியத்தின் கதையும் ஞாபகம் வருகிறது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. நம் இசையின் நுண்ணிய சுருதிகளை அந்தக் கட்டைகளால் தர முடியாது என்றார்கள். தடை 1971 வரைக்கும் நீடித்தது. இன்றைக்குச் சுருதி சேர்ந்திருக்கிறதா என்று பெரும்பாலான இடங்களில் சோதிப்பது கீபோர்டை வைத்து, அதாவது அதே கட்டைகளை வைத்து. அளவுகோலையே நடுவில் மாற்றியவர்கள் நாம்.

சரி, இதெல்லாம் சுலபமான சண்டை. பல இசைக்கலைஞர்கள் அப்போதே நஞ்சியம்மாவுக்காகப் பேசிவிட்டார்கள்.

*

கஷ்டமான சண்டை ஆதரவாளர்களோடுதான். அந்த வாரம் தமிழிலும் மலையாளத்திலும் வந்த ஆதரவுப் பதிவுகளை நினைத்துப் பாருங்கள். மண்ணின் குரல். காட்டின் குரல். சங்கீதம் தெரியாது, ஆனால் ஆத்மாவிலிருந்து பாடுகிறார். குயிலுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

குயில்! இருளர் பெண்ணைப் பறவை ஆக்கிவிட்டுத்தான் நம்மால் அவருக்குப் பரிந்து பேச முடிகிறது. எதிர்த்தவர் சொன்ன அடிப்படையை ஆதரித்தவர் அப்படியே ஒத்துக்கொண்டார். இருவரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: இவருக்கு இசை தெரியாது. ஒருவர் அதனால் விருது கூடாது என்றார். இன்னொருவர் அதனால்தான் விருது என்றார்.

இசை தெரியாமல் எப்படிப் பாட முடியும்? பொறை, தவில், கொகல், ஜால்ரா எல்லாம் ஒலிக்க, வட்டமாக ஆடுகிறவர்களுக்கு நடுவில் ஒருவர் எடுத்துக்கொடுத்து மற்றவர்கள் வாங்கிப் பாடும் மரபு அது. எடுத்துக்கொடுப்பவர் கால்களின் வேகத்தைக் கவனிக்க வேண்டும். வார்த்தை தீர்ந்தால் அங்கேயே கட்ட வேண்டும். சாவுக்கு எது, விதைப்புக்கு எது, குழந்தைக்கு எது என்று தெரிந்திருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து இதற்குள்ளேயே வளர்வது பயிற்சி இல்லையென்றால் குருகுலம் என்றால் என்ன?

தெப்பக்காட்டிலும் இதே கதை. கூடலூரிலிருந்து மைசூர் சாலையில் கொஞ்ச தூரம்தான். 2023 மார்ச்சில் ‘தி எலிபண்ட் விஸ்பரர்ஸ்’ ஆஸ்கர் வாங்கியதும் பொம்மனோடும் பெள்ளியோடும் போட்டோ எடுக்கக் கூட்டம் கூடியது. அனாதைக் குட்டியானையை வளர்த்துக் கரைசேர்ப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று பேசியதைவிட அவர்களின் ‘கள்ளமில்லாத அன்பு’ பற்றித்தான் அதிகம் பேசினோம். வேலை தெரிந்தவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். அன்புக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ‘வெள்ளந்தி’ என்ற சொல் மலிவாக முடித்துக்கொள்ளும் ஒரு வழி.

*

அயர்லாந்தின் மேற்குக் கரையில் கார்னா என்று ஒரு ஊர். 1919இல் அங்கே பிறந்தவர் ஜோ ஹீனி. ஐரிஷ் மொழியில் ‘ஷான் நோஸ்’ என்று ஒரு பாட்டு முறை உண்டு. பழைய பாணி என்று அர்த்தம். பக்கவாத்தியம் கிடையாது, கறாரான தாளமும் கிடையாது. தனிக்குரல். ஒவ்வொரு வரியிலும் குரல் சுற்றிச் சுற்றி அலங்காரம் செய்யும். கேட்டால் நமக்கு விருத்தம் பாடுவதுபோல இருக்கும். ஹீனி அதில் பெரிய ஆள். பிழைப்புக்கு என்ன செய்தார்? நியூயார்க்கில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாயிற்காவலர் வேலை. ஆனால் 1982இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் மரபுக்கலைஞர்களுக்கான உயரிய விருதை முதல்முறையாகக் கொடுத்தபோது பட்டியலில் அவர் இருந்தார். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார். கதவு திறந்துவிட்டவர் வகுப்பறையில் ஆசிரியராக நின்றார். 1984இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். நஞ்சியம்மாவை எந்தப் பல்கலைக்கழகம் வகுப்பெடுக்கக் கூப்பிட்டது? திறப்பு விழாவுக்குப் பாடக் கூப்பிடுவது வேறு. ரிப்பன் வெட்டக் கூப்பிடுவது வேறு.

ஹீனியின் காலத்தவரான மார்கரெட் பேரியை எனக்கு இன்னும் பிடிக்கும். பாஞ்சோவை மாட்டிக்கொண்டு சந்தைகளிலும் தெருமுனைகளிலும் பாடிப் பிழைத்தவர். 1951இல் ஆலன் லோமாக்ஸ் அவரைப் பதிவு செய்தார். தெருப்பாடகி, நாடோடி மரபு, ஆகவே இந்தப் பாட்டெல்லாம் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கும் என்று நம்பி வருகிறவர்களை அவர் நன்றாக ஏமாற்றினார். புகழ்பெற்ற ஒரு பாட்டை எங்கே கற்றீர்கள் என்றால், ரிக்கார்டு கடையில் ஜான் மெக்கார்மக் பாடிய இசைத்தட்டைக் கேட்டு என்றார். மெக்கார்மக் ஓப்பரா பாடியவர்!

நஞ்சியம்மாவின் பாட்டிலும் இப்படி ஒரு இசைத்தட்டு இருக்கிறது. சந்தன மரம் பூத்திருப்பதைச் சொல்லித் தொடங்கும் அந்தப் பாட்டில் கொஞ்சம் தள்ளி ஒரு விமானம் வருகிறது. போய்க் கேளுங்கள். தமிழ்க் காதுக்கு இரண்டாவது தடவையே புரிந்துவிடும். இருளர் மொழி தமிழுக்கு அவ்வளவு நெருக்கம். கமில் சுவலபில் 1973இலேயே அந்த மொழியைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார். விஷயம் என்னவென்றால், ‘ஆயிரமாண்டு ஆதிப் பாடல்’ என்று நாம் உருகிய பாட்டில் விமானம் இருக்கிறது. வானத்தில் அதைப் பார்த்த யாரோ ஒருத்தி, குழந்தைக்குப் பூவைக் காட்டுவதுபோல அதையும் காட்டலாம் என்று முடிவெடுத்திருக்கிறாள். பூவுக்கும் விமானத்துக்கும் ஒரே மரியாதை. அது ஒரு கவிஞரின் முடிவு. மரபு தானாக முடிவெடுக்காது.

படம் இந்தப் பாட்டை எங்கே வைத்தது என்பதும் வேடிக்கை. இரண்டு ஆண்கள் மூன்று மணி நேரம் வீம்புக்கு முட்டிக்கொள்ளும் கதைக்கு முகப்பாக ஒரு அம்மா குழந்தைக்குச் சொல்லும் பாட்டு. ஜேக்ஸ் பிஜாயின் இசை அதற்குக் கீழே அதிர்ந்துகொண்டிருக்கும். நஞ்சியம்மாவின் குரல் அந்த அதிர்வைக் கண்டுகொள்வதே இல்லை. தன் பாட்டுக்குப் பூவையும் விமானத்தையும் காட்டிக்கொண்டு போகிறது. அந்த அலட்சியம் படத்துக்கே ஒரு விமர்சனம்போல இருக்கிறது. ‘தெய்வமகளே’ அப்படி இல்லை. அதில் குரல் இசைக்குள் இறங்குகிறது. என்னைக் கேட்டால் பாடகியாக அவர் யார் என்பதை அந்த இரண்டாவது பாட்டுதான் சொல்கிறது. முதல் பாட்டு அளவுக்கு அது பரவவில்லை, ஏனென்றால் அதில் சிரிப்பு இல்லை.

ஒரு பாடகியைப் பற்றி எழுதினால் இப்படித்தானே எழுத வேண்டும்? இந்தப் பாட்டு நன்றாக இருக்கிறது, அது இன்னும் நன்றாக இருக்கிறது, இங்கே சறுக்குகிறது என்று. விருது வந்த மாதத்தில் எத்தனை பேர் இப்படி எழுதினார்கள்?

*

நான் யோக்கியன் மாதிரி பேசிக்கொண்டிருக்கிறேன். இல்லை.

என் அம்மாயி இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். இங்கே டேன்டீ லைன் வீட்டில் இருந்து கொழுந்து பறித்தார். பாடுவார். எஞ்சினியரிங் காலேஜில் படிக்கும்போது ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டார்கள். அம்மாயி அடிக்கடி பாடும் ஒரு பாட்டை எழுதி, கீழே ‘மலையக நாட்டார் பாடல். ஆசிரியர் அறியப்படாதவர்’ என்று போட்டுக் கொடுத்தேன். நாட்டார் இயல் புத்தகங்களில் அப்படித்தான் பார்த்திருந்தேன். எங்கள் தொகுப்புகளில் சேகரித்தவர் பெயர் இருக்கும், ஊர் பெயர் இருக்கும், பாடியவர் பெயரைத் தேட வேண்டியிருக்கும். சேகரித்தவன் என்று என் பெயர் கொட்டை எழுத்தில் வந்தது.

அம்மாயி இறந்து சில வருஷம் கழித்து, அந்த மலர் ஏதோ பெட்டியைச் சுத்தம் செய்யும்போது அம்மா கையில் கிடைத்தது. படித்துவிட்டு, “இது என்னடா ஆசிரியர் அறியப்படாதவர்னு போட்டிருக்க? இது அம்மா கட்டுனதுடா. அந்தப் பழைய கங்காணிய திட்டி. அவன் பேரக் கூட மாத்தி வச்சிருக்கும் பாரு” என்றார்.

பாட்டின் ஆசிரியர் அடுத்த அறையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். நான் கேட்கவில்லை. என் செல்போனில் ரிக்கார்டர் இருந்தது, அதில் ஒரு நிமிடம்கூடப் பதிவு செய்யவில்லை. அயர்லாந்தில் 1935இலேயே அரசு ஒரு நாட்டார் வழக்காற்று ஆணையம் வைத்தது. அதன் சேகரிப்பாளர் ஷேமஸ் எனிஸ் ஹீனியின் கார்னா பக்கத்திலேயே கோல்ம் ஓ கீனான் என்ற ஒரே ஆளிடம் 200க்கும் மேற்பட்ட பாட்டுகளை எழுதிக்கொண்டார். அவை இன்றும் அந்த ஆளின் பெயரில்தான் இருக்கின்றன. பாமரர் என்ற பெயரில் இல்லை.

ஆகவே 2022 ஆகஸ்ட் முதல் வாரத்தில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ யாருடையது என்று சண்டை வந்தபோது நான் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தேன். நஞ்சியம்மா விருது அறிவித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதைகளிலிருந்து எழுதியது என்றார் அறிவு. சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள். யார் எவ்வளவு செய்தார்கள் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. அந்தப் பாட்டால் தனக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணனே சொன்னார். அவருக்கே அப்படியென்றால் லைன் வீட்டுப் பாட்டியின் பங்கை எந்த எக்செல் ஷீட்டில் போடுவார்கள்?

நஞ்சியம்மா விருது வாங்கி வந்த பிறகும் அகளியில் தன் கணவர் குடும்பத்தின் நிலம் கைவிட்டுப்போய்விட்டதாகச் சொல்லி அலைந்துகொண்டிருந்தார். கேரள சட்டமன்றம் வரைக்கும் அந்தப் பேச்சு போனது. ஜென்ம நிலம், 1969ஆம் வருஷச் சட்டம், பிரிவு 17 என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த கூடலூர்க்காரனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆச்சரியம் என்னவென்றால், அவருக்கு இதயம் போட்ட எங்கள் குழுவில் இந்தச் செய்தியை ஒருவரும் போடவில்லை. நானும் போடவில்லை. நிலத்துக்கு மனு கொடுக்கிறவர் வெள்ளந்தியாக இருக்க முடியாதே.

*

போன வருஷம் ஊரில் நண்பன் வீட்டுக் கல்யாணம். கூடலூரில் நல்ல காரியம், கட்சிக் கூட்டம், பள்ளி ஆண்டுவிழா எதுவானாலும் பணியர் துடியும் குழலும் வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். வருவார்கள். அதிகாரி வர லேட்டானால் வெயிலில் நிற்பார்கள். முடிந்ததும் சாப்பாடும் கையில் கொஞ்சம் காசும். எங்கள் பள்ளியில் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். நானே ஒருமுறை அவர்களுக்குப் பொட்டலம் கொடுக்கும் வரிசையில் நின்றிருக்கிறேன்.

இந்தமுறை பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது. பாடிக்குப் போனேன். துடி அடிப்பவர் வீட்டு முன்னால் உட்கார்ந்து தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த எல்லா மரியாதையையும் திரட்டிக்கொண்டு, யாரிடம் கற்றீர்கள் அண்ணா, எத்தனை தாளம் இருக்கிறது, நீங்கள் கட்டிய பாட்டு எதுவும் உண்டா என்று நோட்டும் பேனாவுமாக ஆரம்பித்தேன். அவர் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாம் சொல்லலாம் சார். மொதல்ல தேதியச் சொல்லுங்க. எட்டுப் பேரு வருவோம். ஜீப்பு வாடக தனி. பாதி இப்பவே வேணும்.”